கட்டுரைய படிச்சு சமையல் எண்ணெய மாத்துறவங்க இருக்கீங்களா?

கேள்வி:
எங்க வீட்ல நல்லெண்ணெய விட்டு சன்ஃப்ளவர் ஆயிலுக்கு மாறுனதே ஏதோ ஒரு வாரப்பத்திரிகை கட்டுரைய படிச்சுதான், இப்ப அம்மா வாட்ஸ்அப்ல வந்த இன்னொரு கட்டுரைய காட்டி தாளிக்க பொரிக்க எல்லாத்துக்கும் செக்குல ஆட்டுன தேங்காய் எண்ணெய்தான்னு நிக்கிறாங்க. அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் இருக்கு, பயமா இருக்கு. நீங்க எத நம்புறீங்க?

பதில் 1:
தேங்காய் எண்ணெய்ல 80 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்புங்க, செக்குல ஆட்டுனாலும் அது மாறாது. நல்லெண்ணெய்ல 15 சதவீதம் கிட்டதான். 2017ல அமெரிக்க இதய சங்கமும் கெட்ட கொலஸ்ட்ரால கூட்டும்னு சொல்லி தேங்காய் எண்ணெய் வேணாம்னுதான் சொன்னாங்க. அப்பா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.

பதில் 2:
இந்த மாதிரி கட்டுரைங்க நிறைய எம்சிடி ஆயில (நடுத்தர நீளக் கொழுப்ப மட்டும் தனியா பிரிச்செடுத்த எண்ணெய்) வச்சு பண்ண ஆராய்ச்சிய எடுத்து அப்படியே தேங்காய் எண்ணெய்க்கு பொருத்திடுறாங்க, ரெண்டும் ஒன்னு கிடையாது, படிக்கிறவங்களுக்கு அது எப்படி தெரியும்? கட்டுரைக்கு கீழயே எண்ணெய் விளம்பரம் இருக்கான்னும் பாருங்க.

பதில் 3:
அம்மாகிட்ட சண்டை போடாதீங்க ப்ளீஸ், அக்கறையிலதான் சொல்றாங்க. அவியலுக்கு மேல ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊத்தட்டும், தாளிக்க நல்லெண்ணெய் இருக்கட்டும். வடை சுட்ட எண்ணெய திரும்ப திரும்ப காய்ச்சுறத முதல்ல நிறுத்த சொல்லுங்க.