5 வேண்டுமா, 10 வேண்டுமா என்றால் 5-ஐ எடுக்கும் நிரல்

முடிவிலி: நியூகோம்ப் புதிரை ராபர்ட் நோசிக் அச்சில் கொண்டுவந்தது 1969-இல். இரண்டு பெட்டிகள்; இரண்டையும் எடுக்கலாம், அல்லது மூடியதை மட்டும் எடுக்கலாம். திறந்த பெட்டியில் 1,000 டாலர். மூடிய பெட்டியை மட்டும் நீங்கள் எடுப்பீர்கள் என்று கணிப்பவர் முன்பே கணித்திருந்தால் அதில் 10 லட்சம், இல்லையென்றால் காலி. நான் மூடியதை மட்டும் எடுக்கும் கட்சி. கணிப்பவர் ஓட்டிப் பார்த்தது என் கணக்கையேதான். ஒரே கணக்குக்கு இரண்டு விடை வராது.

எதிர்க்கரை: பெட்டியில் பணம் வைத்தாயிற்று, அல்லது வைக்கவில்லை. இன்று கை நீட்டினால் நேற்று மாறுமா? இரண்டையும் எடுத்தால் எப்படியும் 1,000 கூடுதல்.

முடிவிலி: நேற்றை மாற்றுவதாக யார் சொன்னது? 7×8 எவ்வளவு என்று நான் இன்று போட்டுப் பார்த்தால், நேற்று வேறொரு கால்குலேட்டர் என்ன காட்டியிருக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இது காரணத் தொடர்பு இல்லை, தர்க்கத் தொடர்பு.

எதிர்க்கரை: கால்குலேட்டர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லையே. நீங்கள் தேர்ந்தெடுக்க, 'இரண்டையும் எடுத்தால் இவ்வளவு கிடைக்கும்' என்ற வாக்கியம் வேண்டும். உங்களுக்காக முடிவெடுக்கும் கணினி நிரல் மூடியதை மட்டும்தான் எடுக்கும் என்றால் அந்த 'எடுத்தால்' பொய். பொய்யிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

வழிப்போக்கன்: இது வெறும் வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கிறதே?

எதிர்க்கரை: இல்லை, நிஜமாகவே நிரல் கெடும். மேசையில் 5 புள்ளியும் 10 புள்ளியும் இருக்கின்றன, ஒன்றைத்தான் எடுக்கலாம். எதை எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று நிரூபணம் தேடி, அதிகம் தருவதை நிரல் எடுக்கும். '5-ஐ எடுத்தால் 5 கிடைக்கும், 10-ஐ எடுத்தால் 0 கிடைக்கும்.' இந்த வாக்கியத்துக்கு நிரூபணம் கிடைத்தால் நிரல் 5-ஐ எடுக்கும். எடுத்தபின் முதல் பாதி உண்மை. 10-ஐ எடுக்கவே இல்லை என்பதால் இரண்டாம் பாதியும் உண்மைதான், வெறுமனே! 'எடுத்தால்' நடக்காதபோது அந்த வாக்கியத்தை உண்மை என்றே தர்க்கம் கொள்ளும். ஆக, நிரூபணம் இருந்தால் அந்த வாக்கியம் உண்மை. இவ்வளவு தெரிந்தாலே அந்த வாக்கியத்தையே நிரூபித்துவிடலாம் என்கிறது 1955-இல் வந்த லோப் தேற்றம். அந்த நிரூபணம் முதலில் கையில் சிக்கினால், கண் முன்னே இருக்கும் 10-ஐ விட்டுவிட்டு 5-ஐ எடுத்துக்கொண்டு போகும்.

முடிவிலி: அந்த லோப் தேற்றம் என் பக்கமும் பேசும். கைதிகள் புதிரில் (தனித்தனியே பார்த்தால் துரோகம் லாபம், ஆனால் இருவரும் துரோகம் செய்வதைவிட இருவரும் ஒத்துழைப்பதே இருவருக்கும் நல்லது) இரண்டு நிரல்கள் ஒன்றின் மூலநிரலை ஒன்று படிக்கலாம் என்று வையுங்கள். 'நீ ஒத்துழைப்பாய் என்று நிரூபிக்க முடிந்தால் நானும் ஒத்துழைப்பேன்' என்பதே இரண்டின் விதியும். முடிவில்லாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும் என்றுதான் தோன்றும். நிற்பதில்லை, இரண்டும் ஒத்துழைக்கின்றன. உங்கள் 5-10 கோளாறுக்கும் மருந்து உண்டு: 'நான் 10-ஐ எடுக்க மாட்டேன்' என்று நிரூபணம் கிடைத்தால் உடனே 10-ஐ எடு என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். அப்புறம் 5-ஐத்தான் எடுப்பேன் என்று காட்ட, அப்படியொரு நிரூபணமே கிடையாது என்று முதலில் காட்ட வேண்டும். அது, நிரல் பயன்படுத்தும் நிரூபண முறையே முரணற்றது என்று காட்டுவதாகிவிடும். போதிய வலிமையுள்ள, முரணற்ற முறை எதுவும் தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்று தர்க்கவியலாளர் கோடல் 1931-லேயே சொல்லிவிட்டார். சங்கிலி அறுந்தது.

எதிர்க்கரை: கெட்டிக்காரத்தனமான ஒட்டுதான், 5-10-க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியூகோம்பில் கணிப்பவர் உங்கள் நிரலை அப்படியே ஓட்டாமல், முகத்தைப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொல்பவராக இருந்தால்? அங்கே நிரூபிக்க என்ன இருக்கிறது?

முடிவிலி: அங்கே நிரூபணத்துக்குப் பதில் நிகழ்தகவு. தர்க்கக் கூற்றுகளுக்கே நிகழ்தகவு தரும் முறை 2016-இல் வந்தாயிற்று.

எதிர்க்கரை: வந்தது. எடுக்கப்போவதே இல்லாத செயலுக்கு அது தரும் எண்ணை எதைக் கொண்டு சரிபார்ப்பீர்கள்?