ஓவிய வகுப்பை நிறுத்தினால் கணக்கு வந்துவிடுமா?

நாலாம் வகுப்பு அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதைப் போன வருடம்தான் மருத்துவர் உறுதிசெய்தார். நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் அசையமாட்டான்; எந்தத் திருகாணி எங்கே என்று நினைவு வைத்துத் திரும்பப் பூட்டிவிடுவான். பள்ளியில் பத்துக் கணக்குக் கொடுத்தால் நாலாவதோடு எழுந்துவிடுகிறானாம். அதற்குத் தண்டனையாக மூன்று வாரமாக ஓவிய வகுப்புக்கு அனுப்பவில்லை. வாரம் முழுக்க அவன் காத்திருப்பதே அந்த ஒரு வகுப்புக்குத்தான். "கடிகாரம்னா கவனம் வருது, கணக்குன்னா வராதா? இது திமிர்தானே" என்று ஆசிரியை கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது?

சாக்பீஸ் டீச்சர்:
அதே கேள்வியை நானும் ஒரு அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது.

திமிர் இல்லைங்க. திருகாணி பொருந்தியதா இல்லையா என்பது அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. கணக்குக்கு 'சரி' விழுவது மறுநாள். அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாடு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், மற்ற குழந்தைகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) ஏழரை வயதுவாக்கில் எட்டும் முதிர்ச்சியை ஏ.டி.எச்.டி. குழந்தைகள் பத்தரை வயதுவாக்கில்தான் எட்டினார்கள். வளரும் வரிசை ஏறக்குறைய அதேதான், காலம்தான் தள்ளிப்போகிறது. கவனத்தையும் திட்டமிடுதலையும் கவனிக்கும் முன்பகுதியில் தாமதம் அதிகம்.

என் வகுப்பில் ஒரு பையன் கதை எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவான். ஆனால் கை எப்போதும் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் தாளில் ஆறு கட்டம் போட்டுக் கொடுத்து, "முதலில் வரை, அப்புறம் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நடந்ததை எழுது" என்றேன். தாளின் பின்பக்கமும் நிரம்பியது. கணக்குத் தாளை மூன்று துண்டாக வெட்டினேன். ஒரு துண்டு முடிந்ததும் எழுந்து என் மேசைக்கு வருவான், அங்கேயே திருத்துவேன், அடுத்ததை வாங்கிக்கொண்டு போவான். எழுந்து நடக்கவும் வழி கிடைத்தது, 'சரி'யும் உடனே கிடைத்தது.

அதனால் ஓவிய வகுப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் பறித்தால் அவன் நன்றாகச் செய்கிற ஒரே இடமும் போய்விடும். கணக்கையும் வரைந்து பார்க்க விடச் சொல்லுங்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:
டீச்சர் சொன்னது உண்மை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என் பெரியவளுக்குப் பேச்சு நன்றாக வரும் என்று எல்லா மேடையிலும் ஏற்றினார்கள். வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்ளத் தடுமாறியதை இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. திறமையைப் பாராட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். மருத்துவர் சொன்ன சிகிச்சையும் பயிற்சியும் தொடரட்டும்.

நாலாம் வகுப்பு அம்மா:
இருவருக்கும் நன்றி. மூன்று துண்டுத் தாள், கணக்குக்குப் படம், ஓவிய வகுப்பு. இந்த மூன்றையும் ஒரு மாதம் முயன்று பார்க்கக் கேட்கப் போகிறேன். "உனக்கு என்னடா நல்லா வரும்?" என்று அவனிடமே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "டீச்சர் பேனாவை எங்கயாவது வச்சிட்டுத் தேடுவாங்க, நான்தான் கண்டுபிடிச்சுக் குடுப்பேன்" என்றான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.