தலவாக்கலைக் குளிரில் சின்னத் தொட்டி: என்ன மீன் விடலாம்?

தேயிலைத்தூறு (கேள்வி)

16×8×10 அங்குலத் தொட்டி ஒன்று இருக்கு. 25 லீட்டர் பிடிக்கும்னு சொல்லித்தான் கடையில தந்தாங்க. சின்ன ஸ்பொஞ்ச் ஃபில்டர், காற்று மோட்டர், லைட் எல்லாம் இருக்கு, ஹீட்டர் மட்டும் இல்ல. ராத்திரியில அறைக்குள்ள 15 பாகை வரைக்கும் இறங்குது, பகல்ல 21 போகும். தண்ணி மலை ஊத்துல இருந்து வர்ற பீலித் தண்ணி, குளோரின் கிடையாது.

ரெண்டு கோல்ட் ஃபிஷ், ஒரு ஜோடி கப்பி, நாலு நியான் டெட்ரா, பாசி தின்ன ஒரு டேங்க் கிளீனர், இவ்வளவும் சேர்த்தே விடலாம்னு கடைக்காரர் சொல்றார். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு, கொஞ்சம் கலரா இருக்கணும். உண்மையில எத்தனை மீன் தாங்கும்?

குளிர்நீர்

முதல்ல தொட்டியோட கணக்கு. வெளி அளவுக்கே விளிம்பு வரை நிரப்பினா 21 லீட்டர்தான். கண்ணாடித் தடிப்பு, அடியில 3 செ.மீ. மணல், மேல ஒரு அங்குல இடைவெளி எல்லாம் கழிச்சா 16 லீட்டர் தேறும். மீனை இந்த 16-க்குத்தான் பார்க்கணும்.

கடைக்காரர் சொன்ன பட்டியல் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. கோல்ட் ஃபிஷ் குளிரைத் தாங்கும், அதனாலதான் மலையகத்துக் கடைகள்ல அதையே முன்னுக்கு நீட்டுவாங்க. ஆனா 15, 20 செ.மீ. வளர்ற மீன். கழிவும் அதிகம், ரெண்டு சேர்ந்தா 16 லீட்டர்ல ஒரு வாரத்துக்குள்ள மீனுக்கு நஞ்சான அமோனியா ஏறிடும். டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு மேல வளரும். பெருத்ததும் ஆத்துல, குளத்துல கொண்டுபோய் விடுறாங்க, நாட்டு நீர்த்தேக்கங்கள்ல அது இப்ப பெரிய தலைவலி. நியானுக்குக் கூட்டம் வேணும், நீளமான தொட்டியும் வேணும்.

உங்க முன்னால இருக்கிறது ரெண்டு வழிதான். ஹீட்டர் போட்டா ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீன் (பெட்டா). கலருக்கும் குறைவில்ல, தனியா இருக்கிறதுதான் அதுக்கு இயல்பு, உங்க மென்நீர் (சுண்ணாம்புச்சத்து குறைஞ்ச தண்ணி) அதுக்குப் பிரச்சினையே இல்ல. ஹீட்டர் வேணாம்னா வைட் கிளவுட். சீனாவுல குவாங்சோ பக்கத்து மலை ஓடை மீன், 18–22 பாகையில சந்தோஷமா இருக்கும், ராத்திரி 15 ஆனாலும் தாங்கும். 4 செ.மீ.தான் வளரும், ஆறு விடலாம்.

கரண்ட்கம்பி

வைட் கிளவுட் விஷயத்துல உடன்பாடில்ல. நாள் முழுக்க ஓடுற மீன், 16 அங்குல நீளம் பத்தாது. ஆண்கள் ஒண்ணையொண்ணு விரட்டும்போது ஒதுங்க இடம் இருக்காது. ரெண்டடித் தொட்டி வாங்குற அன்னைக்கு அதைப் பார்க்கலாம். இந்தத் தொட்டிக்கு ஃபைட்டர்தான்.

ஹீட்டர் பத்தி. 20 லீட்டருக்கு 25 வாட்னு பெட்டியில போட்டிருப்பான். அது கொழும்புக்குச் சரி. உங்க அறை 15-ல இருந்து தண்ணியை 25-க்குக் கொண்டுவர 10 பாகை ஏத்தணும், 25 வாட் ராத்திரி பூரா எரிஞ்சும் எட்டாது. 50 வாட் எடுங்க. பெருசா இருந்தா நல்லதுதானேன்னு 100-க்குப் போகாதீங்க. மலிவு ஹீட்டர்ல தேர்மோஸ்டாட் (சூடு போதும்னதும் நிறுத்துற சுவிட்ச்) ஒட்டிக்கிறது சகஜம். அப்படி ஒட்டிக்கிட்டா 16 லீட்டர்ல 100 வாட் மணிக்கு 5 பாகை ஏத்தும், காலையில பார்க்கும்போது மீன் வெந்திருக்கும். 50 வாட்டுன்னா ஏத்தம் பாதி, கவனிக்க நேரம் கிடைக்கும். தனியா ஒரு தேர்மோமீட்டர் கட்டாயம், ஹீட்டர்ல இருக்கிற குமிழ் காட்டுற இலக்கத்தை நம்பக் கூடாது.

ஹீட்டரை மணலுக்கு மேல படுக்கை வசமா, ஃபில்டர் குமிழிகளுக்குப் பக்கத்துல வைங்க. வயர் சுவர் பிளக்குக்கு நேரா போகாம, பிளக்குக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறணும். இல்லாட்டி வயர் வழியா வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகும். முழு நேரம் எரிஞ்சாலும் நாளைக்கு 1.2 யுனிட், அதுக்கு மேல போகாது. தொட்டிக்கு அடியிலயும் பின்பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) தகடு வச்சா அது இன்னும் குறையும்.

மூடி ரொம்ப முக்கியம். ஃபைட்டர் மேல வந்து காத்தை விழுங்குற மீன். தண்ணி 25-லயும் மேல இருக்கிற காத்து 15-லயும் இருந்தா அதுக்கு ஆகாது. கண்ணாடி மூடி போட்டு வயருக்கு மட்டும் இடம் விடுங்க.

பீலித்தண்ணி

கப்பியை யாரும் விளக்கமா சொல்லல. எந்தத் தண்ணியிலயும் கிடக்கும்னு சொல்றது யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணிக்குப் பொருந்தும், அங்க சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணி கடினம். நம்ம மலைப் பாறையில இருந்து வர்ற ஊத்துல உப்புச்சத்து கொஞ்சம்தான். கப்பி அதுல நின்ன இடத்துலயே உடம்பை ஆட்டும், துடுப்பை ஒடுக்கிக்கும், பிறகு ஒவ்வொண்ணா போகும். எப்படியும் வேணும்னா கழுவிக் கொதிக்க வச்ச சிப்பி ஓட்டை நொறுக்கி, ரெண்டு மேசைக்கரண்டி அளவு வலைப்பையில கட்டித் தொட்டியில போடணும், ஆண் கப்பி மட்டும் மூணு விடணும். ஜோடியா விட்டா மாசத்துக்கு ஒருக்கா குட்டி.

குளோரின் இல்லைங்கிறது நல்லதுதான். ஆனா அந்தப் பீலி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. மழைக்காலத்துல தேயிலையில கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்துல செம்பு இருக்கும். தேயிலை மலைச் சரிவுக்குக் கீழ எடுக்கிற தண்ணியில அது கலந்தா மீனைவிட முதல்ல இறாலும் நத்தையும் சாகும். மருந்தடிக்கிற வாரத்துலயும், பெருமழை பெய்ஞ்சு தண்ணி கலங்கி வர்ற நாள்லயும் பிடிக்க வேணாம். முன்கூட்டியே ரெண்டு கேன் பிடிச்சு மூடி வைங்க. பித்தளை, செம்புப் பாத்திரம் இந்த வேலைக்கு எடுக்காதீங்க.

தேயிலைத்தூறு

ஃபைட்டர்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணே. ஹீட்டர் வாங்கின அன்னைக்கே மீனை விடலாமா? துணைக்கு நத்தை போடலாமா? கரண்ட் போனா?

குளிர்நீர்

அன்னைக்கே வேணாம் தம்பி. ஹீட்டரை 25-ல வச்சு ஃபில்டரை ஓட விடுங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்க. அது அழுகி அமோனியா வரும், அதைத் தின்னுற பாக்டீரியா ஸ்பொஞ்சில வளரும். நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஹீட்டர் இல்லாம குளிர்ல விட்டா இன்னும் இழுக்கும். நோயில்லாத பழைய தொட்டி வச்சிருக்கவங்ககிட்ட ஸ்பொஞ்சை வாங்கி உங்க தண்ணியில பிழிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. டெஸ்ட் பட்டியில அமோனியாவும், அதுல இருந்து வர்ற நைட்ரைட்டும் பூச்சியம் காட்டின பிறகு மீன். பி.எச். (தண்ணியோட அமில அளவு) 6-க்குக் கீழ இறங்கினா அந்தப் பாக்டீரியா வேலையை நிறுத்திடும். நம்ம தண்ணி அப்படி இறங்கக்கூடியது, அதனால ஃபைட்டருக்கும் அரைக்கரண்டி சிப்பி ஓடு போடலாம். நத்தை வேணாம், மென்நீர்ல ஓடு அரிச்சு வெள்ளையாகும்.

கிழமைக்கு ஒருக்கா 3 லீட்டர் மாத்தினா போதும். இங்கதான் மலையகத்துல மீன் சாகுது: 16 பாகைப் பீலித் தண்ணியை அப்படியே ஊத்துறாங்க, நாலாம் நாள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. 3 லீட்டர் 16 பாகைத் தண்ணிக்கு 400 மில்லி கொதிநீர் கலந்தா 25 வரும். தேர்மோமீட்டரால பார்த்துட்டு ஊத்துங்க. தண்ணி எடுக்கிறதுக்குக் கால் மணித்தியாலம் முந்தியே ஹீட்டர் பிளக்கைக் கழட்டணும். சூடா இருக்கும்போது தண்ணிக்கு மேல தெரிஞ்சா கண்ணாடி வெடிக்கும்.

சாப்பாடு காலையில ரெண்டு, மாலையில ரெண்டு பெலட். கெஞ்சுற மாதிரி முன்னால வந்து நிக்கும், ஏமாறாதீங்க.

கரண்ட்கம்பி

கரண்ட் போனா மூடியைத் திறக்காம தொட்டியைச் சுத்திப் போர்வை. நீண்டு போனா அரை லீட்டர் போத்தல்ல சூடான தண்ணி நிரப்பி, இறுக்கமா மூடி மிதக்க விடுங்க. 60 பாகைத் தண்ணின்னா தொட்டியை ஒரு பாகை ஏத்தும். ஆறினதும் மாத்துங்க. சுடுதண்ணியை நேரா ஊத்தாதீங்க.

மீன் வாங்கும்போது ஒண்ணு: நம்ம பக்கத்துக் கடைகள்ல ஃபைட்டர் ஹீட்டர் இல்லாத கிண்ணத்துல இருக்கும், குளிர்ல மந்தமா அடியில படுத்திருக்கும். மந்தமா இருக்குன்னு மட்டும் ஒதுக்காதீங்க. துடுப்பு ஓரம் கிழிஞ்சிருக்கா, வெள்ளைப் புள்ளியோ டோர்ச் வெளிச்சத்துல தங்கத்தூள் மாதிரி மினுக்கமோ இருக்கான்னு பாருங்க, இருந்தா வேணாம். கொழும்புல வாங்கி இரவு மெயில் ரயில்ல கொண்டுவர்றதா இருந்தா பையில மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி காத்து. சின்ன ரெஜிபோம் பெட்டிக்குள்ள, சுத்தி பழைய பத்திரிகை. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில 20 நிமிஷம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பைக்குள்ள ஊத்தி, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க.