பெரம்பூர் தொகுதி 19 மாசம் காலியாக் கிடந்ததே, அதுக்குச் சட்டப்படி காரணம் என்ன?

வியாசர்பாடி வாசகன்:
தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. 2022 ஜூன் 6 அன்னிக்கு பிரிட்டன்ல போரிஸ் ஜான்சன் மேல அவரோட சொந்தக் கட்சி எம்.பி.க்களே நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்துனாங்க. ஆதரவு 211, எதிர்ப்பு 148. எதிர்த்துப் போட்டதுக்காக அந்த 148 பேர்ல ஒருத்தருக்கும் எம்.பி. பதவி போகல. இங்க 2017-ல நம்ம பெரம்பூர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் உட்பட அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் அரசை எதிர்த்து எந்த ஓட்டும் போடல, ஆளுநர்கிட்ட ஆளுக்கொரு கடிதம் கொடுத்தாங்க. செப்டம்பர் 18-ல பதவி காலி. ஆனா அதே வருஷம் பிப்ரவரியில சபைக்குள்ளயே முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிரா ஓட்டுப் போட்ட அதே கட்சிக்காரங்க 11 பேருக்கு ஒண்ணும் ஆகல. அதுல ஒருத்தர், ஓ.பன்னீர்செல்வம் (ஓ.பி.எஸ்.), துணை முதல்வரே ஆனார். லெட்டர் கொடுத்தவன் வெளிய, ஓட்டுப் போட்டவன் உள்ள. இது எப்படி? 'எல்லாம் துட்டுதாம்பா'ன்னு டீக்கடையில சொல்ற பதில் வேணாம். சட்டமும் கணக்கும் வேணும்.

ராயபுரம் ரிட்:
அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணையில், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், பதவி பறிபோக ரெண்டு வழி இருக்கு. ஒன்று 2(1)(அ): 'தானாக முன்வந்து' கட்சி உறுப்பினர் தன்மையைக் கைவிடுவது. இன்னொன்று 2(1)(ஆ): கொறடா (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது, அல்லது போடாமல் இருப்பது. கொறடாவை மீறினாலும் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் குற்றம் இல்லை.

18 பேர் மாட்டியது முதல் வழியில். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் 'கைவிட்டான்' என்று அர்த்தம் இல்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று ரவி நாயக் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் 19 பேர் கொடுத்த கடிதங்கள் ஒரே வார்ப்பு: முதல்வர் மேல் நம்பிக்கை இழந்தோம், ஆதரவை விலக்கிக்கொள்கிறோம். அரசு கொறடா இதை வைத்து சபாநாயகர் தனபாலிடம் மனு கொடுத்தார். அப்புறம் ஒருத்தர் திரும்பிப் போனதால் 19 என்பது 18 ஆனது.

அவர்கள் நம்பியிருந்தது கர்நாடக வழக்கை. எடியூரப்பா முதல்வராக இருந்தபோது பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் இதே மாதிரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள், சபாநாயகர் பதவியைப் பறித்தார், 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'தலைவரை மாற்று என்பது கட்சியை விடுவது ஆகாது' என்ற வாதம் அங்கே எடுபட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்தால், பாதிக்கு மேல் சபாநாயகர் காட்டிய அவசரத்தைப் பற்றித்தான் இருக்கும். விளக்கம் சொல்லக்கூட ஒழுங்காக அவகாசம் தரவில்லை. தனபால் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நோட்டீஸ், மறு நோட்டீஸ், நேரில் வரச் சொன்ன தேதி என்று மூணு வாரத்துக்கு மேல் ஓட்டிவிட்டுத்தான் உத்தரவு போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 அன்று ரெண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் சபாநாயகர் முடிவு செல்லும் என்றார். வழக்கு முடியும்வரை இடைத்தேர்தல் அறிவிக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு இருந்தது. பெரம்பூர் 2019 ஏப்ரல் 18 வரை இடைத்தேர்தல் நடக்காமல் காலியாகக் கிடந்தது அதனால்தான்.

11 பேர் விஷயம் ரெண்டாவது வழி. அவர்களுக்கு எதிராகச் சொந்தக் கட்சியே வற்புறுத்தவில்லை. ஆகஸ்ட் 21-ல் முதல்வர் அணியும் ஓ.பி.எஸ். அணியும் சேர்ந்துவிட்டதே, அப்புறம் யார் வற்புறுத்துவார்கள்? தி.மு.க. தரப்பு மனு போட்டது, நீதிமன்றம் போனது. சபாநாயகருக்கு உத்தரவிட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சபாநாயகர் இந்த 11 பேருக்கு நோட்டீஸ் அனுப்பியது 2020-ல். ஒரு கோப்பு மூணு வாரத்தில் முடிந்தது, இன்னொன்று மூணு வருஷம் மேஜையில் தூங்கியது. இதைச் சட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் சட்டத்தின் ஓட்டை வழியாக நடந்தது என்று சொல்லலாம்: சபாநாயகருக்கு அட்டவணையில் காலக்கெடு கிடையாது. மூணு மாசத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020 மணிப்பூர் வழக்கில்தான்.

கொருக்குப்பேட்டை கணக்கு:
ரிட் அண்ணன் சட்டம் சொல்லிட்டார், நான் நம்பரை மட்டும் போடறேன். பேப்பர் பேனா எடுத்துக்குங்க.

ஜெயலலிதா இறந்து ஆர்.கே. நகர் காலி, அதனால மொத்தம் 233. பெரும்பான்மை 117. சபாநாயகரை விட்டா அ.தி.மு.க. 134 (இரட்டை இலையில ஜெயிச்ச கூட்டணிக் கட்சிக்காரங்க 3 பேரும் இதுல அடக்கம்). தி.மு.க. 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, ஆக 98.

2017 பிப்ரவரி 18 வாக்கெடுப்பு: கதவைச் சாத்தி, பிளாக் பிளாக்கா எழுந்து நிக்கச் சொல்லி எண்ணுனாங்க. ஆதரவு 122, எதிர்ப்பு 11, கோவை வடக்கு உறுப்பினர் வரவேயில்ல. கூட்டிப் பாருங்க, 134 சரியா வரும். தி.மு.க.வை வெளியேத்திட்டாங்க, காங்கிரஸும் லீக்கும் வெளிநடப்பு.

இப்ப ஆகஸ்டுக்கு வாங்க. அணிகள் சேர்ந்தாச்சு, ஆனா கடிதம் கொடுத்த 18 பேர் முதல்வருக்கு எதிர்ப்பக்கம். 134-ல 18 போனா 116. எதிர்ப்பக்கம் 98-ம் 18-ம் 116. ரெண்டு பக்கமும் 116! சபாநாயகரோட முடிவு வாக்குதான் (ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் அவர் போடற ஓட்டு) அரசைக் காப்பாத்தணும், அதுவும் அந்த 3 பேர்ல ஒருத்தர் சறுக்குனா காலி. அதே 18 பேரைத் தகுதிநீக்கம் பண்ணா சபை 215 ஆகுது, பெரும்பான்மை 108, கையில 116. ஒரே உத்தரவு, மூச்சு விட எட்டு சீட்டு இடம் கிடைச்சுது. கடிதம் கொடுத்தவங்க பார்க்காம விட்டது இதைத்தான். 18 பேர் ஓட்டுப் போட்டாத்தான் அரசு விழும், ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே ஆளைத் தூக்கிட்டா மைதானத்தோட அளவே சுருங்கிடும்.

தண்டையார்பேட்டை:
ஒரு டவுட்டு. இவங்களைக் கட்சியே நீக்கிட்டா? அப்போ கொறடா கட்டுப்படுத்தாதுல்ல, சுதந்திரமா ஓட்டுப் போடலாம்ல?

ராயபுரம் ரிட்:
முடியாது. அதுவும் நம்ம ஊர் வழக்குதான். விஸ்வநாதன் எதிர் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர், 1996. கட்சி நீக்கினாலும், எந்தச் சின்னத்தில் ஜெயித்தாரோ அந்தக் கட்சிக்காரராகவே சபையில் கருதப்படுவார். இன்னொரு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும். வெளியே துரத்தப்பட்டவன், உள்ளே கட்டிப்போடப்பட்டவன், ரெண்டும் ஒரே ஆள்.

மூணில் ஒரு பங்கு பேர் சேர்ந்தால் 'பிளவு' என்று தப்பிக்க முன்பு வழி இருந்தது. 2003-ல் 91-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மூணில் ரெண்டு பங்கு வேண்டும். சபாநாயகரையும் சேர்த்து 135-க்கு 90. அதுவும் தனி அணி என்று உட்கார முடியாது, இன்னொரு கட்சியோடு இணைய வேண்டும்.

காசிமேட்டு வாத்தியார்:
கேள்வியின் முதல் பாதியை யாருமே தொடவில்லை. ஜான்சனுக்கு எதிராகப் போட்ட 148 பேருக்கு ஏன் பதவி போகவில்லை? ரகசிய வாக்கு என்பது பாதி பதில்தான். அங்கே பெட்டி ரெண்டு.

கன்சர்வேட்டிவ் கட்சியில் அப்போது இருந்த விதி: எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் 1922 கமிட்டி (அந்தக் கட்சியின் பின்வரிசை எம்.பி.க்கள் குழு) தலைவருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். 359 பேருக்கு 54 கடிதம். யார் கொடுத்தார் என்பது கமிட்டித் தலைவருக்கு மட்டும்தான் தெரியும், எண்ணிக்கை 54 தொடும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். அப்புறம் காகிதச் சீட்டில் ரகசிய ஓட்டு. பாதிக்கு மேல் வாங்கினால் ஒரு வருஷம் தொட முடியாது. தோற்றால் அடுத்த தலைவர் போட்டியில் நிற்கவும் முடியாது. 2003-ல் இயன் டங்கன் ஸ்மித் 75-க்கு 90 என்று தோற்று வீட்டுக்குப் போனார்.

இது கட்சிப் பெட்டி. நாடாளுமன்றப் பெட்டி தனி. 2018 டிசம்பர் 12-ல் தெரசா மே மேல் 117 பேர் நம்பிக்கை இல்லை என்றார்கள், 200 பேர் காப்பாற்றினார்கள். அஞ்சு வாரத்தில், 2019 ஜனவரி 16 அன்று, எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. 325-க்கு 306 என்று அரசு பிழைத்தது. அந்த 117 பேரும் அரசுக்கு எதிராகப் போடவில்லை. தலைவர் வேண்டாம், ஆட்சி வேண்டும் என்பதைத் தனித்தனியாகச் சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது. நம்மூரில் ரெண்டுக்கும் ஒரே பெட்டி. முதல்வரை மாற்று என்று சொல்ல எம்.எல்.ஏ.வுக்குக் கட்சிக்குள் இடம் இல்லாததால் ஆளுநர் மாளிகை போகிறார், போன அடுத்த நிமிஷம் அது அரசைக் கவிழ்க்கும் செயலாகிவிடுகிறது.

கொறடா அங்கேயும் உண்டு. 2022 ஜூலை 18 வாக்கெடுப்புக்கு வெளிநாட்டில் இருந்து வந்து சேர முடியாத டோபயஸ் எல்வுட் என்ற எம்.பி.யை நாடாளுமன்றக் கட்சியில் இருந்து தள்ளி வைத்தார்கள். எம்.பி. பதவி அப்படியே இருந்தது.

அந்த விதியை ரொம்பப் புகழவும் வேண்டாம். ஜெயித்த ஜான்சன் ஒரு மாசம்தான் தாங்கினார். அமைச்சர்கள் வரிசையாக ராஜினாமா செய்ய, ஜூலை 7-ல் விலகுகிறேன் என்றார். ஒரு வருஷப் பாதுகாப்பு காகிதத்தோடு சரி.

வியாசர்பாடி வாசகன்:
வாத்தியாரே, அப்போ இங்கயும் ரகசிய வாக்கெடுப்பு வெச்சிருந்தா? பிப்ரவரியில ஸ்டாலினும் ஓ.பி.எஸ்.ஸும் அதைத்தானே கேட்டாங்க?

காசிமேட்டு வாத்தியார்:
கேட்டார்கள், சபாநாயகர் மறுத்தார். சபைக்குள் ரகசியம் என்றால் கொறடாவை மீறியது யார் என்றே தெரியாது, 2(1)(ஆ) செத்த எழுத்தாகிவிடும். வைக்க வேண்டிய இடம் சபை இல்லை, சட்டமன்றக் கட்சிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் சீட்டு எழுதிப் போட எந்தச் சட்டமும் தடை இல்லை. கட்சி விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். எந்தத் தலைவர் சேர்ப்பார் என்பதை என்னைக் கேட்காதீர்கள்.