மறு: கிரீப்பேஜ் – ‘ஊர்தூரம்’ வேண்டாமே

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

வீட்டில் உயர் மின்னழுத்தச் சோதனை செய்யும் பையன்களுக்கான கையேட்டில் கிரீப்பேஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது மின்சாரம் ஒரு பொருளின் மேற்புறத்தை ஒட்டிப் போகும் வழியின் நீளத்துக்கு, ‘ஊர்தூரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஊர்தல் என்ற வினையை நினைத்துத்தான் வைத்திருப்பீர்கள். மார்த்தாண்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிறவன் அதைப் பார்த்தால் குளச்சலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யோசிப்பான். மேலும், உலோகம் சுமை தாங்கி மெல்ல நீள்வதையும் கிரீப் என்றே சொல்கிறார்கள். ஊர்தலை அதற்கு விட்டுவைப்போம்.

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்சாரத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றைப் பிளந்து நேராகத் தாவுவது. உலர்ந்த காற்று மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோவோல்ட் தாங்கும், அதுவும் முனைகள் வழவழப்பான உருண்டையாக இருந்தால். ஊசிமுனை என்றால் இன்னும் தூரத்திலிருந்தே தாவிவிடும். மற்றது, நடுவிலுள்ள பலகையின் அல்லது பீங்கானின் மேற்புறத்தை ஒட்டியே போவது. இதன் மிகக் குறைந்த நீளம்தான் கிரீப்பேஜ்.

பழைய டியூப் டிவியில் படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் பிளைபேக் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வைத்திருக்கும் பையன் முதல் வழியை மட்டும் கணக்குப் போடுவான். 25 கிலோவோல்ட்தானே, 10 மி.மீ. இடைவெளி போதும் என்பான். நம்ம கடற்கரையில் அந்தக் கணக்கு எடுபடாது. முட்டம் பக்கம் மின்கம்பத்துப் பீங்கானைப் பாருங்கள், உப்பு படிந்திருக்கும். பெருமழை பெய்தால் கழுவிவிடும். தொல்லை தருவது பனியும் தூறலும்தான். உப்பு நனைந்ததும் மேற்புறத்தில் சிறு கசிவு ஓடும். அந்தச் சூட்டில் ஒரு பட்டை மட்டும் காயும். மின்னழுத்தம் பெரும்பாலும் அந்தக் காய்ந்த பட்டையின் மேல் விழ, அதைத் தாண்டிச் சின்னச் சின்னப் பொறி பறக்கும். விடியற்காலையில் கம்பத்துப் பக்கம் கேட்கும் ‘உஸ்’ பெரும்பாலும் அதுதான். பொறிகள் ஒன்றுசேர்ந்தால் முழுப் பாய்ச்சல். பீங்கானுக்குக் குடை குடையாக மடிப்பு வைப்பது இந்த வழியை நீட்டத்தான். இத்தகைய பீங்கான்களுக்கான பழைய சர்வதேசத் தரவிதி ஐஇசி 60815, லேசான மாசுள்ள இடத்துக்குக் கிலோவோல்ட்டுக்கு 16 மி.மீ., மிகக் கடுமையான இடத்துக்கு 31 மி.மீ. கேட்டது. வீட்டு மேசைக்காக எழுதியதல்ல, இருந்தாலும் 25ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கிரீப்பேஜுக்கு டீச்சர் சொன்ன ‘பரப்பு நீளம்’ எனக்கு ஒப்பவில்லை. பரப்பு என்றதும் பிள்ளைகள் சதுர சென்டிமீட்டருக்குப் போய்விடுவார்கள். நான் முன்வைப்பது: கிரீப்பேஜுக்கு ‘மேனிவழி’, காற்றில் நேராகத் தாவும் தூரமான கிளியரன்ஸுக்கு ‘காற்றுவழி’. ஜோடியாக இருப்பதால் ஒன்றைச் சொன்னால் மற்றது நினைவு வரும். “பலகையில் ஊடுருவக் காடி வெட்டினால் காற்றுவழி மாறாது, மேனிவழி கூடும்” என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். மரத்திலும் பேக்லைட்டிலும் பொறி ஓடிய இடம் கருகி, அடுத்த பொறிக்கும் அதுவே பாதையாகிவிடுகிறதே, அந்த டிராக்கிங்குக்கு ‘கரித்தடம்’.

தக்கலையிலிருந்து,
தம்பி

* * *

அண்ணாச்சியின் பதில்:

தம்பி,

ஊர்தூரத்தை எடுத்தாச்சு. மேனி என்றால் வயல்காரன் காதில் விளைச்சல் என்றும் விழும், ஆனா ‘வழி’ கூட நிற்பதால் பாதகமில்லை. அளவைச் சொல்லும் இடங்களில் ‘மேனிவழி நீளம்’ என்றே முழுசாப் போடுவோம். கரித்தடத்தை அப்படியே எடுத்துக்கிட்டேன்.

மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மர் பற்றிய பக்கத்தை நீக்கிவிட்டேன். 2 கிலோவோல்ட்தானே, பிளைபேக்கை விடக் குறைச்சல்தானே என்று பையன்கள் நினைப்பான்கள். அது தரும் மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதும். கையேட்டில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று பாக்கி. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியிலும் டிவி டியூபிலும் தங்கியிருக்கும் மின்னூட்டத்துக்கு ‘மிச்சமின்’ என்று யோசித்திருக்கிறேன். டீச்சர், வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்களேன்.