பழைய டீசல் ஹையேஸ் வான்: ஏற்றத்தில் இழுவைக் குறைவும் கரும்புகையும் காற்றுப் பாதையினாலா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 3எல் என்ஜின் பூட்டிய பழைய டொல்பின் ஹையேஸ் வான் உள்ளது, 2779 சி.சி., டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லை. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு வாரத்தில் பல தடவை ஆட்களை ஏற்றிச் செல்கிறேன். சில மாதங்களாக, முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டியிருப்பதுடன், மிதியை முழுமையாக அழுத்தும்போது பின்னால் வருபவர்கள் முகத்தை மூடிக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகையும் வருகிறது. கராஜில் டீசல் பம்பின் ஸ்குரூவைச் சற்றுத் திருகி டீசலைக் கூட்டினால் இழுவை வரும் என்கிறார்கள். நண்பர் ஒருவரோ, எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் பூட்டச் சொல்கிறார். எதைச் செய்வது?

மறுமொழி 1:
தயவுசெய்து இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். உங்கள் என்ஜினிலுள்ள பம்ப், நீங்கள் மிதியை அழுத்தும் அளவையும் என்ஜின் சுழலும் வேகத்தையும் வைத்தே டீசலை அனுப்புகிறது. உள்ளே எவ்வளவு காற்று வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே காற்று குறைந்தாலும் டீசல் குறையாது, எரியாமல் எஞ்சுவது கரும்புகையாக வெளியேறும். இந்த நிலையில் டீசலைக் கூட்டினால் புகையும் வெளியேறும் வாயுவின் வெப்பமும் கூடுமே தவிர, நீங்கள் எதிர்பார்க்கும் இழுவை வராது. பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

நான்கு வீச்சு என்ஜின் என்பதால், 3000 சுற்றில் உங்கள் வான் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3500 லிட்டர் காற்றை இழுக்கிறது. அவ்வளவு காற்றும் போகும் பாதையில் ஓரிடம் ஒடுங்கினாலும் முதலில் தெரிவது ஏற்றத்தில்தான். ஃபில்டரைக் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது என்று முடிவுசெய்வதைவிட அளந்து பார்ப்பது மேல். ஃபில்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் பகுதி) இடையில், உள்ளே தெரியக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையைத் திறந்தே விட்டு, 'யு' வடிவில் வளைத்து, பாதியளவு நிறமிட்ட தண்ணீர் ஊற்றுங்கள். டர்போ இல்லாத டீசல் என்ஜினில் காற்றின் அளவு பெரும்பாலும் சுற்று வேகத்தைப் பொறுத்ததென்பதால், வானை நிறுத்தி வைத்தே உயர்ந்த சுற்றில் அளக்கலாம். இரு பக்க நீர்மட்ட வேறுபாடு 500 மி.மீ. அளவை நெருங்கினால் பாதை அடைபட்டிருக்கிறது. தண்ணீர் என்ஜினுக்குள் இழுபட்டால் பெருஞ்சேதம் விளையும். குழாயின் ஒவ்வொரு கையும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மறுமொழி 2:
மேலே கூறியதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த இழப்பை எந்த ஃபில்டராலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் உங்கள் வான் முன்பு அதே பாதையில் நன்றாக ஏறியதென்பதால், புதிதாக ஏதோ கெட்டிருக்கிறது என்பதே பொருள்.

கூம்பு ஃபில்டரைப் பற்றி ஒரு சொல். ஹையேஸில் என்ஜின் ஆசனத்திற்கு அடியில் இருக்கிறது. அங்கே திறந்து வைக்கும் ஃபில்டர் என்ஜினின் சூட்டையே இழுக்கும். 30 பாகையில் வர வேண்டிய காற்று 60 பாகையில் வந்தால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். வெளிக்காற்றை ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுவரும் குழாய் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய வான்களில் அதைக் கழற்றி எறிந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஃபில்டருக்குப் பின்னாலுள்ள ரப்பர் குழாயையும் கையால் அழுத்திப் பாருங்கள். அதில் வெடிப்பிருந்தால் இழுவை குறையாது, ஆனால் வடிகட்டாத தூசி நேரே உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். எனக்கு இதுவே மிகவும் கவலை தரும் குறை, ஏனெனில் ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அளந்தேன், வேறுபாடு 560 மி.மீ. இருந்தது. புதிய ஃபில்டர் போட்ட பின்னும் 430 மி.மீ.க்குக் கீழே இறங்காததால் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். என்ஜின் எண்ணெய் ஊறி மென்மையாகிப்போன ரப்பர், சுற்றுக் கூடும்போது உட்பக்கமாகச் சப்பளிந்து பாதையை மூடிக்கொண்டிருந்தது. புதிய குழாய் பூட்டியதும் 190 மி.மீ. ஆனது. இன்று காலை றம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறினேன். புகை மிகவும் குறைந்துள்ளது, ஆனால் முற்றாக நிற்கவில்லை.

மறுமொழி 1:
நல்ல செய்தி. ரப்பரில் ஊறிய எண்ணெய், என்ஜினின் மூச்சுக் குழாய் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) வழியாக வந்திருக்க வேண்டும். அதன் அளவு கூடுதலாக இருந்தால் ரிங் தேய்வைச் சோதிக்கச் செய்யுங்கள். மீதிப் புகைக்கு, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தெளிப்பைப் பரிசோதியுங்கள். பம்ப் ஸ்குரூவை அதன் பிறகும் தொட வேண்டாம்.