உந்து நிலையக் கிணற்றுக்குள் ஏன் தண்ணீரை விட்டுவைக்க வேண்டும்?

கேள்வி: தளப் பொறியாளர், கடலோர நகராட்சி

எங்கள் ஊர்ப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் கழிவுநீர் உந்து நிலையத்தின் (கழிவுநீரைச் சேர்த்துப் பம்பு மூலம் அனுப்பும் இடம்) கிணற்றை மண்ணுக்குள் இறக்கி முடித்துவிட்டோம். அதன் வெளிவிட்டம் 6 மீட்டர், ஆழம் 8 மீட்டர், சுவரின் கனம் 40 சென்டிமீட்டர், அடித்தளக் கான்கிரீட்டின் கனம் 60 சென்டிமீட்டர். சுற்றிலும் நிலத்தடி நீரை இறைக்கும் மோட்டார்களை இனி நிறுத்திவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். மழைக்காலம் நெருங்குவதால் உள்ளே 3 மீட்டர் தண்ணீர் விட்ட பிறகே நிறுத்த வேண்டும் என்கிறார் உதவிச் செயற்பொறியாளர். இதற்குக் கணக்கு ஏதும் உண்டா? இங்கிருந்து 2.4 கிலோமீட்டருக்குப் போகும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள உந்துக்குழாயில் (பம்பின் அழுத்தத்தில் கழிவுநீர் போகும் குழாய்) கவனிக்க வேண்டியவற்றையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற பொறியாளர்

உண்டு. மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், கிணறு ஒதுக்கும் நீர் ஏறத்தாழ 226 கன மீட்டர். அதாவது அதை மேலே தூக்கும் விசை 226 டன். சுவரும் அடித்தளமும் சேர்ந்து 173 டன்னுக்கு மேல் வராது, ஆகவே காலிக் கிணறு மிதந்து மேலெழும்பப் பார்க்கும். மீதி 53 டன்னைச் சுற்றியுள்ள மண்ணின் உராய்வு தாங்கிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். கிணற்றை இறக்கியபோதே அந்த மண் தளர்ந்திருக்கும். உள்ளே 3 மீட்டர் தண்ணீர் நின்றால் 64 டன் கூடும், கிணறு அசையாது. எனினும் இந்த 11 டன் மிச்சம் மிகக் குறைவு. நானாக இருந்தால் 4 மீட்டர் விட்டுவைப்பேன்.

பின்னாளில் பழுதுபார்க்கக் கிணற்றை முழுதும் காலி செய்ய வேண்டிவரும். அந்த நாளுக்கான எடையை மேல்தளம், பம்பு அறை ஆகியவற்றிலிருந்து வரைபடத்தில் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பதில் 2: குழாய்ப் பணியில் இருப்பவர்

உந்துக்குழாயைப் பற்றி: அதன் கொள்ளளவு சுமார் 170 கன மீட்டர். வீட்டிணைப்புகள் மெதுவாகவே வரும் தொடக்க ஆண்டுகளில், இரவில் மணிக்கு 20 கன மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கழிவுநீர் எட்டு மணி நேரத்துக்கும் மேல் குழாய்க்குள்ளேயே கிடக்கும். காற்றில்லாத அந்நிலையில் குழாய்ச் சுவரில் படிந்த கொழகொழப்பான படலத்திலுள்ள நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. குழாய் முடியும் ஆள்நுழைவுத் தொட்டியில் அந்த வாயு வெளியேறி, ஈரமான மேற்சுவரில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டைத் தின்றுவிடும். ஆகவே கழிவுநீர் உயரத்திலிருந்து கொட்டாமல் நீர்மட்டத்துக்குக் கீழே சேரும்படி முனையை அமையுங்கள். அந்தத் தொட்டிக்கு அமிலந்தாங்கும் பூச்சு கட்டாயம். மேட்டில் காற்று வால்வும் பள்ளத்தில் வடிகால் வால்வும் வையுங்கள். பம்பு ஓடும்போது வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாத வேகம் இல்லையென்றால் மணல் தங்கிவிடும்.

இந்த வாயுவின் செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமில்லை என்று இறங்கியவர்கள் மாண்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணிக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. வரைபடத்தைப் பார்த்தேன், பம்பு அறையின் எடையையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள், அந்த அறை இன்னும் எழும்பவில்லை. 4 மீட்டர் தண்ணீர் விடும் வரை மோட்டார்கள் ஓடும் என்று ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டோம்.